மதகை மூடாத கேப்டன்

மலை முகாம், ஏழாம் குடில்
மே 4

அன்புள்ள டாம்சின் அக்காவுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை ஆறு நாற்பது மணியளவில், ஏழாம் குடிலைச் சேர்ந்த ஜோரி பென்ரோஸ் அவர்களின் இடது காலுறை, பாய்லர் மேல் காய்ந்துகொண்டிருந்தபோது தீக்காயங்களால் அகால மரணம் அடைந்தது. அன்னாருக்கு வயது மூன்று வாரம். வலது காலுறை தவிர வேறு உறவினர் இல்லை. மலர்வளையத்துக்குப் பதிலாகப் புது ஜோடி அனுப்பலாம்.

மற்றபடி ஜோரி ஜோர். நீ நலமா? அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? பிக்கிள் இன்னும் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறதா? இந்தக் கடிதத்தோடு வருபவரை மட்டும் விட்டுவைக்கச் சொல்.

இனி விஷயம். இந்தப் பள்ளிக்கூடம் எங்களை அக்டோபர் வரை காட்டில் விட்டிருக்கிறது. போன் இல்லை, இணையம் இல்லை, ஜூலை விடுமுறைக்கும் வீடு இல்லை. ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கடிதம் எழுதினால்தான் மாலைக் கேக். பன்னிரண்டு பேரும் சுடுதண்ணீரில் குளிக்க வேண்டுமென்றால் தினமும் ஒருவன் விறகு வெட்டி பாய்லரை மூட்ட வேண்டும். இதை நீ நன்றாக நினைவில் வைத்துக்கொள். ஏனென்றால் என் மானம் இப்போது அந்த விறகின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் குடிலில் டெவிட்டா லாட்டு என்று ஒருவன். டோங்கா வம்சம், சிட்னி வாசம், வாசலில் நின்றால் வெளிச்சம் வராது. பெயர்தான் டெவிட்டா, வாதம் பண்ண ஆரம்பித்தால் கால் மணியில் தெவிட்டிவிடும். நேற்று சாப்பாட்டு மேசையில் சொல்கிறான்: "கதை கேம்ல நாம எடுக்கிற முடிவெல்லாம் சும்மாடா. முதல் பாகத்துல யாரைக் காப்பாத்தினாலும் சரி, கொன்னாலும் சரி, மூணாம் பாகத்துல ஒரே கதைதான். போற வழியில எவனாவது 'ஓ, அது நீங்கதானா'ன்னு ஒரு வரி சொல்லுவான். அவ்ளோதான் உனக்கு மரியாதை."

என்னிடமா? 'உப்புக் கிரீடம்' இரண்டு பாகத்தையும் முடித்த என்னிடமா? நான் மேசை மேல் ஏறி நின்று முதல் பாகத்தின் மதகுக் காட்சியைச் சொன்னேன். நீ ஆடாததால் உனக்கும் சொல்கிறேன். விளையாட்டில் நாம்தான் கேப்டன். வெள்ளம் வருகிறது. மதகை மூடினால் கார்ன் துறைமுகத்தின் கீழ்த்தெரு பிழைக்கும். மதகுக்கு அந்தப் பக்கம் சிக்கியிருக்கும் கேப்டனின் தோழி, ஓடக்காரி வெஸ்லா செத்துப்போவாள். மூடாவிட்டால் வெஸ்லா பிழைப்பாள், கீழ்த்தெரு மூழ்கும். யோசிக்கப் பத்தே நொடி. உலகத்தில் எல்லாரும் பட்டனை அமுக்கி மூடுவார்கள். உன் தம்பி மூடவில்லை. கை நடுங்கவில்லை, கண் இமைக்கவில்லை. பத்து நொடியும் மலை மாதிரி நின்று வெஸ்லாவைக் காப்பாற்றினேன்.

குடிலே வாயைப் பிளந்தது. டெவிட்டா மட்டும், "பந்தயமா?" என்றான்.

பந்தயம் இதுதான். மூன்றாம் பாகம் பதினாறாம் தேதி வருகிறது. நான் காப்பாற்றிய வெஸ்லாவால் அதில் கதை நிஜமாகவே மாறினால், அக்டோபர் வரை என் முறை விறகையும் டெவிட்டாவே வெட்டுவான். மாறாவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் நானே வெட்டுவேன். சாட்சி நீ.

என் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் பழைய கேம் பெட்டி இருக்கிறது. நான் எடுத்த முடிவெல்லாம் பதிவாகியிருக்கும் என் சேவ் அதில்தான். அதை வீட்டிலிருக்கும் புதிய கேம் பெட்டியில் ஏற்றி, மூன்றாம் பாகத்தை ஆடி, நடந்ததை அப்படியே எழுது. மீன் கடையில் உனக்கு எவ்வளவு வேலை இருந்தாலும்.

வெற்றி முகத்துடன்,
ஜோரி


வார்னம்பூல்
மே 19

அன்புள்ள ஜோரிக்கு,

எல்லாரும் சுகம். அம்மா முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறாள். பிக்கிள் தபால்காரரோடு சமாதானமாகிவிட்டது. இப்போது தபால்பெட்டியைப் பார்த்துக் குரைக்கிறது. உனக்குச் சளி இருமல் ஏதும் இல்லையே? காலுறை நான்கு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பாய்லரிலிருந்து தள்ளியே காயப்போடு.

மூன்றாம் பாகம் வாங்கியாகிவிட்டது. ஆரம்பித்திருக்கிறேன். கன்ட்ரோலரில் எது நடக்க, எது குதிக்க என்று புரியவே ஒருநாள் போயிற்று. உன் கேப்டன் அரைமணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

ஒரு கேள்வி. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியின் மேல் நீ என்ன எழுதி வைத்திருந்தாய்?

அன்புடன்,
டாம்சின்


ஏழாம் குடில்
மே 25

அக்காவுக்கு வணக்கம், காலுறைகளுக்கு நல்வரவு.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மூக்கு மட்டும் சொந்தமாக ஒரு நதி தொடங்கியிருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் சுகம்தானே?

பெட்டியின் மேல் என்ன எழுதினேனா? 'செத்த எலி. திறக்காதே.' பெரிய எழுத்தில், எலி படத்தோடு. யாரும் கை வைக்காமல் இருக்க என் மூளையில் உதித்த பாதுகாப்பு ஏற்பாடு. வங்கிகள்கூட இதைப் பின்பற்றலாம்.

ஆனால் நீ முக்கியமானதை எழுதவே இல்லையே? வெஸ்லா இருக்கிறாளா? தபால் வண்டி வரும்போதெல்லாம் டெவிட்டா என் தோளில் தட்டி, "என்னடா, ஓடக்காரி இன்னும் கரை சேரலையா?" என்கிறான். குடில் கூடி முடிவு பண்ணிவிட்டது. ஜூன் பதினைந்துக்குள் கடிதம் வரவில்லையென்றால் நான் தோற்றதாக அர்த்தம். கோடாலிக்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள். "ஜோரியை எடுத்துட்டு வா, ஜோரிக்கு எண்ணெய் போடு" என்று நாள் முழுக்கக் கேலி.

நான் அசரவில்லை. நிச்சயம் மாறியிருக்கும். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் அக்கா; அது எங்காவது போய் முட்டித்தானே ஆக வேண்டும்?

உறுதியுடன்,
ஜோரி


வார்னம்பூல்
ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

மூக்கு நதி வற்றிவிட்டதா? இங்கே மூவரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. எப்படி எழுதுவது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

வெஸ்லா இருக்கிறாள்.

கேப்டன் கார்ன் துறைமுகத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது அவளுடைய ஓடம்தான். முடி நரைத்திருக்கிறது. இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறாள். கேப்டனைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "ஏறு" என்கிறாள், அவ்வளவுதான். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள்.

ஓடத்தில் வேறு யாருமே இல்லை. பக்கத்து ஓடங்களில் கூட்டம் பிதுங்குகிறது; இவளுடையது காலி. ஏன் என்று கேப்டன் கேட்டால் அக்கரையைக் காட்டுகிறாள். கீழ்த்தெரு இருந்த இடத்தில் சேறு. அதில் மூங்கில் நட்டுக் குடிசை போட்டிருக்கிறார்கள். "எனக்காகத்தான் அவங்க வீடு போச்சு. என் ஓடத்துல ஏறுவாங்களா?" என்கிறாள். நான்கு வருடமாக ஒருவரும் ஏறவில்லையாம். இருந்தாலும் தினமும் காலையில் ஓடத்தைக் கழுவித் துடைத்து, துறையில் வந்து நிற்கிறாள்.

இதுவரை இவ்வளவுதான் ஆடியிருக்கிறேன்.

அன்புடன்,
டாம்சின்


ஏழாம் குடில்
ஜூன் 15

மகா கனம் பொருந்திய சாட்சி அவர்களுக்கு,

கடைசி நாளில், தபால் வண்டி குளிர்காலப் பனியில் வழுக்கிக்கொண்டு உன் கடிதத்தைக் கொண்டுவந்தது. நான் நலம் என்பதைவிட நான் நலத்தின் உச்சம் என்பதே சரி. நீங்கள் எல்லாரும் என்னில் பாதியாவது நலமாக இருக்கிறீர்களா?

சாப்பாட்டுக்குப் பிறகு உரக்க வாசித்தேன். 'நான்கு வருடமாக ஒருவரும் ஏறவில்லையாம்' என்ற இடத்தில் மூலைக் கட்டில்காரன் பெஞ்சை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டெவிட்டா கடிதத்தை வாங்கி இன்னொரு முறை தானே படித்தான். பிறகு போய்க் கோடாலியை எடுத்தான். பெயர் மாற்றம் உடனடியாக அமலுக்கு வந்தது. கோடாலி இப்போது டெவிட்டா.

நான் சும்மா இருப்பேனா? திங்கள் முதல் மாலையில் 'முடிவெடுப்பது எப்படி' என்று வகுப்பு எடுக்கப்போகிறேன். முதல் பாடம்: பத்து நொடியில் ஒன்பதைப் பார்வைக்கு ஒதுக்கு. இரண்டாம் பாடம்: ஆசிரியரைப் போல் நில். மாணவர்கள் நான்கு பேர். டெவிட்டா ஜன்னலுக்கு வெளியே விறகு வெட்டியபடி கேட்பான், எனவே நாலரை.

அவனுக்கு ஒரு சந்தேகமாம். "அந்த பேக்கரிப் பையன் என்ன ஆனான்னு கேளுடா. கீழ்த்தெருவுல ஒரு பன்னுக்கு வழி சொல்லுவானே, அவன்." நான் அவனை மறந்தே போயிருந்தேன்.

சீக்கிரம் ஆடு, சீக்கிரம் எழுது.

முடிவுகளின் முடிசூடா மன்னன்,
ஜோரி


வார்னம்பூல்
ஜூன் 29

அன்புள்ள மன்னருக்கு,

இங்கே மழை, காற்று, மீன் வரத்து குறைவு. அம்மா சுகம், முதுகும் பரவாயில்லை. மலையில் பனி அதிகமா? கம்பளிச் சட்டையை உள்ளே போடு, மேலே அல்ல.

பேக்கரிப் பையன் உயிரோடுதான் இருக்கிறான். பெயர் ஹாப். வெள்ளத்தில் அப்பாவின் அடுப்பு போய்விட்டது. இப்போது வளர்ந்து, கீழ்த்தெருக்காரர்களுக்குத் தலைவன் மாதிரி ஆகிவிட்டான். வழி சொல்லப் பன் கேட்பதில்லை. நியாயம் கேட்கிறான்.

கேப்டன் ஊருக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் கீழ்த்தெருவே திரண்டு வந்து அவரை உப்புக் கிடங்கில் நிறுத்தி விசாரிக்கிறது. யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. ஒவ்வொருவராக வந்து தங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று மட்டும் சொல்கிறார்கள். வெஸ்லா கதவோரம் நிற்கிறாள். கடைசியில் ஹாப் கேட்கிறான்: "பத்து நொடி இருந்துச்சு. மதகுச் சக்கரம் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. ஏன் மூடலை?"

இங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். முடிவெடுத்தவன் நீ. நீயே சொல். என்ன பதில் கொடுக்கட்டும்?

அன்புடன்,
டாம்சின்


ஏழாம் குடில்
ஜூலை 6

அக்கா,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய கேள்வியைக் குடில் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக இங்கே வேறு பேச்சே இல்லை. பனிச்சறுக்கில் விழுந்து கிடப்பவன்கூட, "தோழியை விட்டுட முடியுமாடா?" என்கிறான். "தோழி ஒருத்தி, தெரு முழுக்க ஜனம்" என்கிறான் அவன் மேல் விழுந்தவன். எல்லாரும் கடைசியில் என்னைப் பார்க்கிறார்கள். "நீதானே முடிவெடுத்தே, நீ சொல்லு."

இப்போதைக்கு 'எனக்கு என் காரணங்கள் உண்டு' என்று கேப்டன் சொல்வதாகப் போட்டுவிடேன். மர்மமாகவும் இருக்கும். அல்லது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று வை. அல்லது விசாரணையைத் தாண்டி நேராகச் சண்டைக் காட்சிக்குப் போக வழி இருக்கிறதா பார்.

வகுப்புகளைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறேன். ஆசிரியருக்கு வேலை அதிகம்.

ஜோரி


ஏழாம் குடில்
ஜூலை 13

மதிப்புக்குரிய டாம்சின் அக்காவுக்கு,

நான் டெவிட்டா லாட்டு. உங்களை நேரில் பார்த்ததில்லை. நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஜோரிக்குத் தெரியாமல் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

சிட்னியில் என் பெரியப்பா மகள் லூபே மூன்றாம் பாகத்தை ஆடி முடித்துவிட்டு எனக்கு எழுதினாள். அதில் காலி ஓடம் இல்லை. உப்புக் கிடங்கு விசாரணை இல்லை. ஹாப் என்ற பெயரே இல்லை. அவளும் முதல் பாகத்தில் வெஸ்லாவைக் காப்பாற்றியவள்தான். அதனால் நீங்கள் எழுதுவது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உங்களைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. பந்தயத்தில் ஜெயித்தது நான்தான், ஆனாலும் விறகை நானே வெட்டுகிறேன். அது எனக்குப் பெரிய பாரமில்லை. லூபேயின் கடிதத்தைப் பாய்லரில் போட்டுவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். விசாரணையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். பத்து நாளாக ஜோரி ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கீழ்த்தெருக்காரர்கள் அங்கேயே நிற்கிறார்கள். எனக்கு அது என்னவோ போல இருக்கிறது.

உங்கள் தம்பியின் நண்பன்,
டெவிட்டா


வார்னம்பூல்
ஆகஸ்ட் 3

அன்புள்ள ஜோரி,

நலமா? அம்மா, நான், பிக்கிள் எல்லாரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கடை வேலை இல்லை. இதை எழுதத்தான் தைரியம் வரவில்லை.

உன் முதல் கடிதம் மே எட்டாம் தேதி வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் புதன், நம் தெருவில் பழைய சாமான் லாரி வந்த நாள். வருடத்துக்கு ஒருமுறை, உனக்குத் தெரியும். உடைந்த நாற்காலி, கிழிந்த மெத்தை எல்லாவற்றையும் வாசலில் வைத்தால் நகராட்சி எடுத்துப்போய்விடும். அம்மா உன் அறையைப் பெருக்கும்போது 'செத்த எலி. திறக்காதே' என்று எழுதிய பெட்டியைப் பார்த்தாள். திறக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டாள். உன் சேவ் அந்த லாரியோடு போயிற்று, ஜோரி. அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. சொல்லாதே, அழுவாள்.

சேவ் இல்லாமல் ஆரம்பித்தால் பழைய கதையை விளையாட்டே தீர்மானித்துக்கொள்கிறது. அதில் மதகு மூடியிருக்கிறது. வெஸ்லா செத்துவிட்டாள். அதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. 'வெஸ்லா இருக்கிறாள்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு வந்தது எல்லாம் என் கற்பனை.

சும்மா விடக்கூடாது என்று கடையில் என்னோடு வேலை பார்ப்பவளிடம், வெஸ்லா பிழைத்த சேவ் ஒன்றைக் கேட்டு வாங்கியும் ஆடிப் பார்த்தேன். அவள் வருகிறாள். ஓடத்தில் நின்று, "தண்ணி ஏறுது கேப்டன், சீக்கிரம்" என்கிறாள். அவ்வளவுதான். அவள் செத்த கதையில் ஒரு கிழவர் அதே ஓடத்தில் நின்று, அதே வரியை, ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறார். டெவிட்டா சொன்னது சரி.

அவனுக்கும் தெரியும். ஜூலையில் எனக்கு எழுதினான். தெரிந்தே உனக்காக விறகு வெட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் சண்டைக்குப் போகாதே. இனி என்ன செய்வது என்பதை நீயே பார்த்துக்கொள்.

வருத்தத்துடன்,
டாம்சின்


ஏழாம் குடில்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், இரண்டு உள்ளங்கைகளையும் தவிர. அவை ஏன் என்பது கீழே வரும். நீ நலமா? அழுதாயா? அழாதே. எலி படம் வரைந்தது நான்தான். நன்றாக வரைந்ததும் என் தப்புதான். அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் காலணிக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். டெவிட்டா கேட்காமலே விறகு வெட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெட்டுச் சத்தமும் என் காலணியிலேயே விழுந்தது. நாலாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சு மேல் ஏறி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டேன்.

மூலைக் கட்டில்காரன், "அப்போ பேக்கரிப் பையன்?" என்றான்.

"அவனும் அக்காதான்டா."

"அடுப்பு போனது?"

"அதுவும்."

"ச்சே. நான் அவனுக்காக ரெண்டு நாள் வருத்தப்பட்டேனே" என்றான். பிறகு, "இப்பவும் வருத்தமாத்தான் இருக்கு" என்றான்.

டெவிட்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இறங்குடா. உன்னை யாரு வாசிக்கச் சொன்னது? நான்தான் ஒண்ணும் சொல்லலையே?"

"அதனாலதான் வாசிச்சேன். கோடாலி எங்கே?"

"விட்றா. நீ வெட்டினா நாங்க குளிக்க வசந்தம் வந்துடும்."

"கையை எடு. தோத்தது நான். பன்னிரண்டு பேருக்கும், அக்டோபர் வரைக்கும்."

ஒரு வாரமாக வெட்டுகிறேன். முதல் மூன்று நாள் எல்லாரும் குளிர்ந்த தண்ணீரில்தான் குளித்தார்கள், என்னைத் திட்டிக்கொண்டே. நாலாம் நாள் வெதுவெதுப்பு. நேற்று ஆவி பறந்தது. கொப்புளம் உடைந்து காய்த்துவிட்டது, நிறுத்தப்போவதில்லை. டெவிட்டா பக்கத்தில் உட்கார்ந்து, "காலை அகட்டு, முதுகை வளைக்காதே" என்று வகுப்பு எடுக்கிறான். அவன் வகுப்பு என் வகுப்பைவிட உபயோகமாக இருக்கிறது.

குடில் ஒருமனதாகக் கேட்டுக்கொள்வது: நீ தொடர்ந்து எழுத வேண்டும். கடையில் விற்கிற மூன்றாம் பாகம் யாருக்கும் வேண்டாமாம். "அதுல ஓடத்துல யாரு நின்னாலும் ஒண்ணுதானே" என்கிறார்கள். கீழ்த்தெருக்காரர்களை எத்தனை நாள் உப்புக் கிடங்கில் நிற்க வைப்பது? ஹாப் கேட்ட கேள்விக்குக் கேப்டன் பதில் சொல்லியே ஆக வேண்டும். உண்மையான பதிலைத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் அவரை மன்னித்தாலும் சரி, ஊரை விட்டுத் துரத்தினாலும் சரி. அதை நீ எழுது.

அந்தப் பதிலை உனக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். நீ அதைக் கதையில் எழுதி அனுப்பியதும், உன் கடிதத்திலிருந்து நானே அதை உரக்க வாசிக்கிறேன். பாதியில் நிறுத்தினால் டெவிட்டா வாசிக்கட்டும்.

கை நடுங்கவில்லை என்று சொன்னேனே, அது நிஜம். கண் இமைத்ததா என்பது எனக்கே தெரியாது. ஏனென்றால் அந்தப் பத்து நொடியும் கேப்டன் அங்கே இல்லை. காட்சி நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து நொடி வரப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போயிருந்தேன். டோஸ்டரிலிருந்து புகை வந்தது. திரும்பி வந்து பார்த்தால் வெஸ்லா இருமிக்கொண்டே கரையேறுகிறாள், கீழ்த்தெருவின் கூரைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன.

டோஸ்ட்டையும் காப்பாற்ற முடியவில்லை, அக்கா.

இப்படிக்கு,
எந்தப் பட்டனையும் அமுக்காத
ஜோரி